வட்டத்துக்குப் பின்னால் போன கோடு

நம் பக்க வடிவமைப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நாலு வார்த்தையோடு நிறுத்த மாட்டாள். டீயை வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

கட்டளைகளை நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள், எந்தப் பாதி என்பதை நீங்களே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள். பக்கம் ஒழுங்காக வராமல், வாசலில் ஆளும் வந்து நிற்கும்போது கையை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் இருப்பது என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

கல்யாண வீடுகளில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் இப்படிச் சொல்வேன். மற்றவர்கள் பக்கத்தைக் கண்ணால் பார்த்து, எழுத்தை இழுத்து, படத்தை நகர்த்தி வைப்பார்கள். நாங்கள் லேடெக் (LaTeX) என்கிற மென்பொருளுக்கு, ‘இது தலைப்பு, இது சூத்திரம், இங்கே ஒரு படம்’ என்று எழுத்துக்கு நடுவிலேயே கட்டளையாக எழுதிவிடுவோம். அதற்கு மூலக்கோப்பு என்று பெயர். மென்பொருள் அதைப் படித்துத் தானே பக்கத்தைக் கட்டித் தரும். “அப்ப உங்களுக்கு என்ன சோலி?” என்று உடனே கேட்பார்கள். அது கட்டித் தருகிற பக்கம் கோணிக்கொள்ளும்போது எங்களுக்குச் சோலி.

கோணலை நிமிர்த்த இரண்டு வழிகள் உண்டு. ஏன் கோணியது என்று காரணத்தைத் தேடி, ஒரே இடத்தில் சரிசெய்வது ஒன்று. கோணிய இடத்திலேயே இரண்டு புள்ளி அளவு மேலே ஏற்று, மூன்று புள்ளி அளவு இடப்பக்கம் தள்ளு என்று கட்டளை செருகுவது இன்னொன்று. இரண்டாவதற்கு எங்கள் அறையில் ஒட்டு என்று பெயர். ஒட்டுப் போட்டால் பக்கம் அந்த நிமிஷமே அழகாகிவிடும். அதனால்தான் அது கெட்ட பழக்கமாகிறது.

ஒரு கல்லூரியின் ஆண்டு மலருக்கு அப்படி முழுக்க ஒட்டுப் போட்டு முடித்தோம். எல்லாம் ஆன பிறகு முதல்வரின் வாழ்த்துரையில் ஒரு பத்தி கூடுதலாக வந்தது. அதைச் சேர்த்தோம், அவ்வளவுதான். ஒவ்வொரு ஒட்டும் தன் இடத்தை விட்டு அடுத்த பக்கத்தில் போய் உட்கார்ந்தது. விளையாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களின் தலைக்கு மேல் ஒரு கவிதை ஏறி நின்றது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். அதற்குப் பிறகும் நாங்கள் ஒட்டை விடவில்லை. மலர் தானே, சிரித்து மறந்துவிட்டோம். மறக்க முடியாதபடி சொல்லித் தந்தது செல்வியின் ஆய்வேடு.

செல்வி ஆழ்வார்குறிச்சிக்காரி. கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக வரும் கணக்கு, வரைபடக் கோட்பாடு என்பார்கள். பிறவியிலேயே அவளுக்குக் கண் தெரியாது. கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த எங்கள் அறைக்குக் கைத்தடியைத் தட்டிக்கொண்டு படியேறி வந்தாள். நான் எழுந்து கையைப் பிடிக்கப் போனேன்.

“அக்கா, பிடிக்காதீங்க. படி எங்கன முடியுதுன்னு தடி சொல்லும். நீங்க பிடிச்சா ரெண்டு பேரும் சேந்து விழுவோம்.”

இப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. அவளுக்கு லேடெக் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாவது! ஆய்வேடு முழுவதையும் அவளே எழுதியிருந்தாள். யோசித்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை. அச்சில் சூத்திரம் மேலும் கீழுமாகக் கிடக்கும். அதைக் கணினி வாசித்துக் காட்டினால் வெறும் உளறல். மூலக்கோப்பிலோ எல்லாம் ஒரே வரிசையாக, சொல்லுக்குச் சொல் எழுதியிருக்கும். கணினியின் குரல் வாசிக்க வாசிக்க அவள் கேட்டுக்கொள்வாள். படங்களும் அப்படியே. புள்ளி இன்ன இடத்தில், கோடு இதிலிருந்து இதற்கு என்று அவள் எழுத, மென்பொருள் வரைந்தது. நமக்கு மூலக்கோப்பு என்பது பக்கத்துக்குப் போகும் வழி. அவளுக்கு அதுதான் புத்தகமே.

“படமெல்லாம் ஓரத்தத் தாண்டுதுன்னு கைடு சொல்லுதாவ. சூத்திரமும் தாண்டுதாம். எனக்கு ஓரமும் தெரியாது, தாண்டுறதும் தெரியாது. அத நீங்க சரி பண்ணித் தாங்க. நான் எழுதுனதுல மட்டும் கைய வச்சிராதீங்க.”

அந்த வேலை பீருக்குப் போனது. பீர் மேலப்பாளையத்துக்காரர், எங்கள் அறையின் முதல் கை. எவ்வளவு சிக்கலான பக்கத்தையும் நேர்த்தியாக்கிவிடுவார், எங்களுக்குள் ஒட்டு ராஜா என்று பெயர். அவள் சொன்ன நிபந்தனையை நான் அவரிடம் சொன்னேன். “எழுத்துல ஒண்ணக்கூட மாத்த மாட்டேன்க்கா” என்றார். சொன்ன வாக்கை அவர் காப்பாற்றவும் செய்தார். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. எழுத்துக்கு நடுவே உள்ளதைத்தான் மாற்றினார்.

நீளமான சூத்திரங்களைக் கையால் துண்டு துண்டாக வெட்டினார். இடைவெளிகளை ஏற்றி இறக்கினார். ஓரத்தைத் தாண்டிய படங்களைச் சுருக்கியபோது அதிலுள்ள எழுத்துகள் பொடியாகிவிட்டன. அதனால் அவள் எழுதிய கட்டளைகளை எடுத்துவிட்டு, பார்த்துப் பார்த்து வேறொரு மென்பொருளில் தானே புதிதாக வரைந்து ஒட்டினார். வழிகாட்டிப் பேராசிரியர் கடைசியாகச் சொன்ன திருத்தங்களையும் அதிலேயே சேர்த்தார். அச்சு எடுத்துப் பார்த்தோம். குறை சொல்ல முடியாத பக்கங்கள்.

பல்கலைக்கழகம் கொடுத்த கெடு அடுத்த இரண்டாம் நாள் முடிகிறது. ஏற்கெனவே நீட்டித்துக் கொடுத்த கெடு அது. தவறினால் பதிவே ரத்தாகும், இத்தனை வருஷ உழைப்பும் வீண். பைண்டிங்குக்கு ஒரு நாள் வேண்டும். இந்த நிலைமையில், காலையில் செல்வி வந்து, “கோப்பத் தாங்க, ஒரு தடவ படிச்சிருதேன்” என்று மடிக்கணினியைத் திறந்தாள்.

அவள் கணினி வாசிக்கும் வேகம் நமக்குப் பிடிபடாது. பொரிகிற கடுகு மாதிரி படபடவென்று போகும். கேட்டுக்கொண்டே இருந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். பின்னால் போனாள். மறுபடி கேட்டாள்.

“அண்ணாச்சி, இங்கன மைனஸ் பன்னிரண்டுன்னு வருது. இந்த மைனஸ் என் கணக்குல உள்ளதா, நீங்க போட்டதா?”

“அது இடைவெளிம்மா. மேல ஏத்தறதுக்குப் போட்டது” என்றார் பீர்.

“ஒரு வரிக்குள்ள நாலு மைனஸ் வருது. எது என்னோடது, எது உங்களோடதுன்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்க?” இன்னும் கொஞ்சம் கேட்டாள். “படம் எங்க போச்சு? ‘படம் பன்னிரண்டு’ன்னு பேரு மட்டும் சொல்லுது. உள்ள ஒண்ணுமே இல்லியே.”

பீருக்குக் கோபம் வந்துவிட்டது. உழைத்த மனிதர். “தாயி, அச்ச எடுத்துப் பாருங்க! தங்கம் மாதிரி இருக்கு!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. செல்விதான் சிரித்தாள்.

“பாக்கறதுக்குத்தானே அண்ணாச்சி உங்கட்டக் குடுத்தேன். இப்ப என்ன ஆயிருக்கு தெரியுமா? நீங்க என் வீட்டுக்குள்ள வந்து, நாற்காலியத் தூக்கி அங்கனயும் கட்டிலத் தூக்கி இங்கனயும் போட்டு, கோலமெல்லாம் போட்டு வச்சிருக்கீய. வாரவங்க எல்லாம் அழகா இருக்குன்னுதான் சொல்லுவாவ. நான்தான் முட்டிக்கிட்டு விழுதேன்.”

எனக்கு அவள் மேல் எரிச்சல்தான் வந்தது, மறைப்பானேன். கெடு கழுத்தில் நிற்கிறது, அச்சு தயாராக இருக்கிறது, இப்போது போய் நாற்காலி கட்டில் என்கிறாளே என்று. பீர் ஒரு வழி சொன்னார். “உங்க பழைய கோப்ப வச்சு நீங்க படிங்க. இந்த அச்சக் குடுத்துருவோம். ரெண்டும் ஒண்ணுதானே.” கேட்க நியாயமாகவே இருந்தது. அந்தச் சமயத்தில் யாராக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள்.

செல்வி மடிக்கணினியை மூடினாள். “முதப் பக்கத்துல உறுதிமொழின்னு ஒண்ணு இருக்குல்லா அக்கா. இது என் சொந்த ஆய்வுன்னு எழுதி, கீழ நான் கையெழுத்துப் போடணும். நான் படிக்கவே முடியாத ஒண்ண என்னோடதுன்னு எப்பிடிக் கையெழுத்துப் போடுவேன்? ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்க சொல்லுதீய. எனக்கு எப்பிடித் தெரியும்?”

இப்படி முட்டிக்கொண்டு நிற்கும்போது நான் செய்கிற ஒரு காரியம் உண்டு, வாக்குவாதத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு இடத்தை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது. “பீரு, அந்தப் பன்னிரண்டாவது படத்த மட்டும் வாயால வாசிச்சுக் காட்டுங்க. இவ கேக்கட்டும்” என்றேன்.

பீர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அரை மனதாக, அச்சைப் பார்த்து வாசித்தார். ஏ என்ற புள்ளியிலிருந்து பி என்ற புள்ளிக்கு ஒரு கோடு. பியிலிருந்து சிக்கு ஒன்று. சியிலிருந்து டிக்கு ஒன்று. செல்வி ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கினாள். பீர் முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அவ்வளவுதானா? இன்னும் ஒண்ணு இருக்கணுமே. ஏயிலருந்து சிக்கு?”

“அப்பிடி ஒண்ணும் இல்லியேம்மா.”

“இருக்கணும் அண்ணாச்சி. அந்தக் கோடு இல்லேன்னா அந்தத் தேற்றமே இல்ல.”

அவள் முதலில் கொடுத்த கோப்பை எடுத்து, அதிலிருந்து அந்தப் படத்தை மட்டும் அச்செடுத்தோம். பீர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கு நீட்டினார். நானும் பார்த்தேன். “இதுலயும் இல்ல செல்வி” என்றேன்.

“நான் எழுதியிருக்கேன் அக்கா. கேளுங்க.” அவள் கணினி தெளிவாகச் சொன்னது, ஏயிலிருந்து சிக்கு ஒரு கோடு என்று.

பீர்தான் கண்டுபிடித்தார், அந்தப் பெருமை அவருக்கே. ஏ, பி, சி மூன்று புள்ளிகளும் ஒரே நேர்வரிசையில் இருந்தன. ஏயிலிருந்து சிக்குப் போகும் கோடு, நடுவில் பி என்ற புள்ளிக்காக மென்பொருள் வரைந்த வட்டத்துக்குப் பின்னால் புகுந்து போகிறது. ஏயிலிருந்து பி, பியிலிருந்து சி என்று ஏற்கெனவே இரண்டு கோடுகள் அதே தடத்தில் கிடக்கின்றன. மூன்றாவது கோடு அவற்றின் மேலேயே படுத்துவிட்டது. கோப்பில் இருக்கிறது, தாளில் தெரியாது. பீர் கண்ணால் பார்த்து வரைந்தார், கண்ணுக்குத் தெரிந்ததை வரைந்தார். பேராசிரியரும் அதே கண்ணால்தான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்.

விளக்கிச் சொன்னோம். செல்வியின் முகத்தில் அதுவரை இருந்த துடுக்கு போய்விட்டது. “வரிசையா வச்சா மனசுல நிக்கும்னு அப்பிடி வச்சேன். அப்ப என் படமும் பொய்தானா?” என்று மெதுவாகக் கேட்டாள். அவளைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தனை நேரம் தன் கோப்பைக் கோட்டை மாதிரி காத்து நின்றவள் அவள்.

“பொய் இல்லம்மா. மறைஞ்சு கெடக்கு. வெளிய எடுத்துரலாம்” என்றார் பீர். அவர் குரலில் இருந்த கோபமும் எங்கேயோ போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் தொலைபேசியில் வந்தார். பாவம், அவருக்கும் தன் மாணவி பட்டம் வாங்க வேண்டுமே என்ற தவிப்பு. “இன்னும் பைண்டிங்குக்குப் போகலியா? அவ எதாவது பிடிவாதம் பிடிச்சா கேக்காதீங்கம்மா. அச்சு சரியாத்தான் இருக்கு, நான் பாத்துட்டேன். அனுப்புங்க.”

“சார், உங்க கையில உள்ள பிரதியில பன்னிரண்டாவது படத்த எடுங்க. ஏயிலருந்து சிக்குக் கோடு தெரியுதா?”

தாள் புரளும் ஓசை கேட்டது.

“இல்லியே…” என்றார்.

“அப்ப நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார்.”

“பைண்டிங்?”

“பைண்டர்ட்ட நான் பேசிக்கிடுதேன்.”

பேசினேன். அவருக்கும் எனக்கும் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. ராத்திரி வேலை பார்த்துக் காலையில் தருகிறேன் என்று கடைசியில் இறங்கி வந்தார். போனை வைத்துவிட்டுப் பீரிடம், அவர் செய்த வேலை முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு அவள் கோப்பிலிருந்தே மறுபடி தொடங்கச் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. நல்ல வேலைக்காரனிடம் ‘நீ செய்தது அழகு, ஆனால் வேண்டாம்’ என்று சொல்வதைவிட மோசமான வேலைக்காரனைத் திட்டுவது எளிது. பீர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

இந்த முறை ஒட்டு இல்லை. ஓரம், சூத்திரம் மடியும் விதம், படத்தின் அளவு, படத்துக்குள் எழுத்தின் அளவு எல்லாவற்றையும் தனியாக ஒரு நடைக்கோப்பில் எழுதினார். அவள் கோப்பின் தலையில் அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே அவள் எழுதியது எழுதியபடி. பேராசிரியரின் திருத்தங்களை அவளே தன் கையால் போட்டாள். படங்களை ஓரத்துக்குள் கொண்டுவரும் சரியான கட்டளை பீருக்கு லேசில் அகப்படவில்லை. “அவசரத்துக்கு அண்டாக்குள்ளயும் கை போக மாட்டேங்குது” என்று முனகிக்கொண்டே தேடினார். அகப்பட்டதும், அத்தனை படங்களும் ஒரே சமயத்தில் உள்ளே வந்து நின்றன. “இத முதல்லயே செஞ்சிருந்தா…” என்றார். அவர் சொன்னதே போதும்.

மறுநாள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக ஒப்பிட்டார்கள். அவர் தாளைப் பார்த்து வாசிப்பார், அவள் கோப்பைக் கேட்டுச் சரி என்பாள். ஒளிந்திருந்த கோடு, பின்னால் வரும் இன்னொரு படத்திலும் அகப்பட்டது. “ஏட்டி, இங்கனயும் ஒண்ண ஒளிச்சு வச்சிருக்கியே!” என்றார் பீர். தாயி, அம்மா எல்லாம் போய், வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போல ஏட்டி வந்துவிட்டது. “நான் ஒளிக்கல அண்ணாச்சி, உங்க கண்ணுதான் சரியில்ல” என்றாள் அவள். இரண்டு கோடுகளையும் வெளியே எடுக்க, ‘வளைந்து போ’ என்று ஒரு சின்னச் சொல்லை அவள் கட்டளையில் சேர்த்தால் போதுமாயிருந்தது. நேராகப் போன கோடு வட்டத்தைச் சுற்றி வில்லாக வளைந்து வந்து நின்றது. பீர் அவள் விரலைப் பிடித்துத் தாளின் மேல் அந்த வளைவை வரைந்து காட்டினார்.

சாயங்காலம் அவள் உறுதிமொழிப் பக்கத்தைக் கேட்டாள். கையெழுத்துக்குரிய இடத்தில் பீர் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துப் பிடித்துக்கொள்ள, அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மறுநாள் கெடு முடியுமுன் ஆய்வேடு பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தது.

அன்று முதல் நம் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. உங்களில் சிலர் அதை வேண்டாத வேலை என்று சலித்துக்கொள்வதாகக் கேள்வி. படம் உள்ள எந்த வேலையாக இருந்தாலும், ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் தாளைப் பார்க்காமல் மூலக்கோப்பை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டு பேரும் தாளைப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்வார்கள். மூலக்கோப்பு நம்முடையது அல்ல, அதை எழுதியவருடையது என்பது இன்னொன்று. அவர் நாளைக்கு அதைத் திறக்கும்போது நாற்காலி இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

செல்வியின் வாய்மொழித் தேர்வு எல்லாரும் வரக்கூடியது என்பதால் பீரும் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். கணக்கு எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர், “பன்னிரண்டாவது படம்” என்று சொல்லி நிறுத்தினார். பீர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இதுவரை வந்த படங்களில் கோடுகளெல்லாம் நேராக இருக்கின்றன, இங்கே ஒரு கோடு வளைந்திருக்கிறதே, அதற்குக் கணித ரீதியாக ஏதாவது காரணம் உண்டா என்று கேட்டார்.

செல்வி யோசிக்கவே இல்லை.

“கணக்குல ஒரு காரணமும் இல்ல சார். நேராப் போட்டா, கண்ணு தெரியறவங்களுக்குத் தெரியாது.”